வருகைப் பதிவேடு

கடலூர் சிப்காட், இரண்டாவது கேட்.
ராத்திரி ஷிப்ட் முடிய இன்னும் இருபது நிமிஷம்.
காற்றில் வழக்கமான அழுகின முட்டை வாடை.
குடிகாட்டுப் பக்கமிருந்து
முதல் டவுன் பஸ் இன்னும் வரவில்லை.

மாசி முழுக்க மொட்டையாய் நின்ற புங்கமரம்,
வெட்டிவிடலாமா என்று
போன வாரம்தான் பேச்சு வந்தது,
நான் டீ குடித்துத் திரும்புவதற்குள்
மேசைமேல் நாலு பூ போட்டிருந்தது.
வெள்ளையா ஊதாவா, சொல்லத் தெரியாத நிறம்.
மூக்கருகே வைத்தேன். ஒன்றுமில்லை.
பதினோரு வருஷத்தில்
என் மூக்கு எப்போதோ ராஜினாமா செய்துவிட்டது.

ஆனால் பின்னாலேயே ஒரு தேனீ வந்து
ஸ்டாம்ப் பேடைச் சுற்றிக்கொண்டிருந்தது.

பதிவேட்டைத் திறந்தேன்.
பெயர்: புங்கம்பூ.
எங்கிருந்து: மேலே.
உள்ளே வந்த நேரம்: ஐந்து நாற்பது.
யாரைப் பார்க்க?
கொஞ்சம் யோசித்து
அஞ்சலாட்சி, செக்யூரிட்டி என்று
என் பெயரையே எழுதினேன்.
வெளியே போன நேரத்தைக் காலியாக விட்டேன்.

சூப்பர்வைசர் தணிகாசலம்
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மறுபடி படித்தார்.

"அடையாள அட்டை பார்த்தியா?"

தேனீயைக் காட்டினேன்.