ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு

மணற்காட்டில் மலை இல்லை.
அதனால் ஈஃபா மணலையே மலை என்றாள்.
சவுக்குத் தோப்பைத் தாண்டி
முதுகு வளைத்துக் கிடக்கிற குன்றுகளில்
பதினொரு பொடியள், பதினொரு தண்ணீர்ப் போத்தல்,
அயர்லாந்திலிருந்து வந்த ஒரு விசில்,
வாலாக நான்.

என் வேலை அவளுக்கு வாயாக இருப்பது.
புவியியலில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு,
நான்கு வருடம் நேர்முகப் பரீட்சைகள்,
இப்போது ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.
மத்தியானச் சாப்பாடு அவர்களுடையது.

"குதிக்காலை ஊன்றி, மெல்ல மெல்ல ஏறுங்கோ"
என்றாள். என்றேன்.
பொடியள் எப்பவோ உச்சியில் ஏறி
எங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாதி புதைந்த தேவாலயத்துச் சுவரில்
சாய்ந்திருந்து பிஸ்கட் சாப்பிட்டோம்.
அந்தப் பக்கம் கல்லறைகள்.
ஏன் இத்தனை கல்லிலும் ஒரே திகதி?
டிசம்பர் இருபத்தாறு என்று மட்டும் சொன்னேன்.
அவள் நாட்டிலும் கலண்டர் இருக்கும்தானே.
வாயிலிருந்ததை அவள் மெல்லாமல் வைத்திருந்தாள்,
வெகுநேரம்.
டெல்சியா ஒரு கல்லைத் தட்டி
"இது எங்கட பெரியம்மா" என்றாள்,
விருந்தாளிக்கு ஆளை அறிமுகப்படுத்துகிற மாதிரி.

பலகைகள் நான்கு.
நீலம், இரண்டு வெள்ளை, ஓரம் உடைந்த மஞ்சள்.
கட்டுநாயக்காவில் சுங்கம் மூன்று நாள் மறித்து வைத்ததாம்.
யூட் நிக்சன் மஞ்சளைப் புரட்டிப் பார்த்தான்,
அடியில் தட்டினான், மணந்தும் பார்த்தான்.
"இதில மீனை எங்க வைக்கிறது?"
சொன்னேன். அவள் சிரித்தாள்.
அவன் பகிடிக்குக் கேட்கவில்லை.

மாசி மாதம், வாடை தணிந்த கிழமை.
இடுப்பளவு தண்ணீரில் நின்று ஈஃபா கத்தினாள்:
அலையோடு சண்டை வேண்டாம்,
அதை நம்பு.

நம்பு.
அந்தச் சொல் என் தொண்டையில் மீன்முள்.
இந்தக் கரையில் நின்று
கடலை நம்பு என்று எந்த வாயால் சொல்ல?
"அலையைப் பார்த்துக்கொண்டே இருங்கோ" என்று
மாற்றிக் கத்தினேன்.
அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

கொறற்றியின் தாய்
செருப்பைக் கையில் பிடித்தபடி
மூன்று நாள் கரையில் நின்றாள்,
இறங்கவும் இல்லை, கதைக்கவும் இல்லை.
நாலாம் நாள் துவாயோடு வந்தாள்.

கடைசிக்கு முதல் நாள்,
தலையிலிருந்து தண்ணீர் வடிய வடிய
நிக்சன் கேட்டான்:
"எங்களோட விளையாட
இவா எவ்வளவு காசு கட்டினவா?"

எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறான்,
இவர்கள் வாங்க அல்ல, கட்டி வருகிறவர்கள் என்று.
ஈஃபா என் வாயைப் பார்த்தாள்.
எனக்குத் தொகை தெரியும்.
ரசீதைக் கோப்பில் குத்தியது நான்.
அதற்கு அவன் அப்பாவுக்கு ஒரு எஞ்சின் வரும்,
வலையும் வரும்,
மிச்சத்தில் வள்ளத்துக்குப் பெயின்ற்.

"திரும்பி எப்ப வருவீங்கள் எண்டு கேக்கிறான்"
என்றேன், அவள் மொழியில்.
அவள் கண் நிறைந்துவிட்டது.
அடுத்த வருசம் என்றாள். சத்தியமாக என்றாள்.

நிக்சன் காத்துக்கொண்டு நின்றான்.
"நிறைய" என்றேன்.

அவன் யோசித்தான்.
தோளுக்கு மேலால் கடலைப் பார்த்தான்.
"அப்ப இந்த அலை அவாவுக்கு.
நல்லது வருகுது.
அவ்வளவு கட்டினவா, வீணாப் போகக் கூடாது."
மஞ்சள் பலகையை அவளிடம் தள்ளிவிட்டான்.

அவள் எழும்பினாள்.
எழும்பிய வேகத்திலேயே விழுந்தாள்.
பதினொரு பேரும் கூவென்று கத்த
அவளுடைய விசிலை யாரோ ஊதினார்கள்.

நான் முழங்கால் நனைய நின்றேன்.
எப்போது இறங்கினேன் என்று தெரியாது.
சப்பாத்தைத் தேடிக் கரையைப் பார்த்தேன்.
அவை காலிலேயே இருந்தன.