மேடையின் இடப்பக்கம்

எட்மன்டன். தேவாலயத்தின் நிலவறை.
வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
தரையில் நான் ஒட்டிய மஞ்சள் டேப்தான்
அரண்மனை, துறைமுகம், சிறை.

"இடப்பக்கம் போ" என்கிறேன்.
நிரூபன் நின்று கேட்கிறான்:
"ஆரின்ர இடம், அக்கா?
என்ர இடமோ, பாக்கிற சனத்தின்ர இடமோ?"

நடிக்கிறவனின் இடமே மேடைக்கு இடம்.
விதி அவ்வளவுதான்.
இருந்தும் நாலு கிழமையாய்
அந்த ஒரு சொல்லில் முட்டி நிற்கிறோம்.

பாத்திரம் என்பதில் தகராறு இல்லை.
ராசாவாய் வருகிறவன்
பகல் முழுக்க உணவகத்தில் அதைத்தான் கழுவுகிறான்;
ஊறிச் சுருங்கிய விரல்களால்
அட்டை முடியைச் சரிசெய்கிறான்.

ஒப்பனைக்கு வந்த அன்ரனெற்
பவுடர் பஞ்சை உதறியபடி,
"ஒப்பாரியும் இதே வேரோ?" என்றாள்.
இருக்கும் என்றேன்.
எனக்குத் தெரியாது.

திரை வாங்கக் காசில்லை.
பழஞ்சொல் ஒன்று கிடந்தது, எழினி;
அந்தப் பெயரை ஒரு போர்வைக்கு வைத்தோம்.
இருவர் பிடிப்பார்கள்.
கை உளைந்து தாழ்ந்தால்
காட்சி தொடங்கிற்று என்று பொருள்.

அரங்கேற்றத்தன்று
ராசா நிரூபனை நாடு கடத்தினான்.
இடப்பக்கம் போகவேண்டியவன்
விறுவிறென்று வலப்பக்கம் போனான்.
அங்கே வெளியேறும் வழி இல்லை,
கொதிகலன் அறை மட்டும்.

நாடகம் முடிந்து தேடிப் போனேன்.
சூடான குழாயில் முதுகை ஒட்டி,
சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு
இருந்தான்.
"பிழையான பக்கம்தான்" என்றான்.
"ஆனா நல்ல இடம், அக்கா."