இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில்

தக்கலையில் ஏறும்போதே நடத்துநர் கேட்டார்,
"பெட்டியில மீனா?"
கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில்
யாராவது மீன் கொண்டுபோவார்களா.
மருந்து என்றேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசி.
இரண்டு டிகிரிக்குக் கீழே போனால் கெட்டுவிடும்,
எட்டுக்கு மேலே போனாலும் கெட்டுவிடும்.
இவ்வளவு பிடிவாதம் என் மாமியாருக்குக்கூடக் கிடையாது.
இறங்கும்வரை மடியிலேயே வைத்திருந்தேன்.

கடியபட்டணம்.
ஊர்ப் பேரிலேயே கடி இருக்கிறது என்று
டாக்டர் பத்மகுமாரி ஒவ்வொரு வருஷமும் சொல்வார்.
ஒவ்வொரு வருஷமும் நான் சிரிப்பேன்.
வருகைப் பதிவேடு அவர் கையில்.

குருசடிப் பக்கம் ஒரு மேசை, ஒரு குழாய், துணி சோப்பு.
கடிபட்டால் முதலில் இதுதான்:
சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில், கால் மணி நேரம்.
மஞ்சள் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம்,
அப்புறம் நேரே ஆஸ்பத்திரி.
ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொன்னேன்.

முதலில் வந்தது ஒரு செவலை.
கூட்டி வந்தவன் ஆன்றோ ஜிபின், ஆறாம் வகுப்பு.
நாயின் பேரு?
"பட்டிக்கு எதுக்குப் பேரு? பட்டின்னா வரும்."
அட்டையில் 'பட்டி' என்றே எழுதினேன்.
கண்ணை நேரே பார்க்காமல்
பக்கவாட்டில் குந்தி, புறங்கையைக் காட்டினேன்.
முகர்ந்து பார்த்து அனுமதி தந்தது.
உதட்டைத் தூக்கி ஈறை அழுத்தினேன்.
வெளுத்தது; இரண்டு எண்ணுமுன் சிவந்தது.
காதுமடலிலும் விரலிடுக்கிலும் பதினேழு உண்ணி.
எனக்குப் பதினாறுதான் கிடைத்தது.
பதினேழாவதைப் பையன் காட்டினான்.

பூச்சி மாத்திரை எடை பார்த்துத்தான் கொடுக்கணும்.
ஏலக்கூடத் தராசை சூசைமிக்கேல் உருட்டி வந்தார்.
நாயைத் தூக்கிக்கொண்டு பையன் ஏறினான்,
பிறகு தனியே ஏறினான்.
கழித்தால் பதினான்கு கிலோ.
"நெய்மீனா இருந்தா என்ன வெல போயிருக்கும்!"

பதினொன்றரைக்குப் பெட்டிக்குள் முள் ஏழைத் தொட்டது.
ஐஸ் கம்பெனியில் உடைத்துத் தந்த கட்டியை
நேற்றைய பேப்பரில் நாலு சுற்றுச் சுற்றினேன்.
குப்பியில் நேரே பட்டால் உறைந்துவிடும்.

டெல்பின் மேரி மீன் கடவத்தில் பூனையோடு வந்தாள்.
பூனை என்றால் துண்டால் போர்த்தி,
நாலு காலையும் உள்ளே மடித்து,
தலையை மட்டும் வெளியே விடுவோம்.
இதற்கு ஒன்றும் தேவைப்படவில்லை.
சாளை வாசத்தில் பாதி உறக்கம்.
ஊசி போட்டேன். அட்டை எழுதினேன்.
எல்லாரிடமும் சொல்வதையே சொன்னேன்:
நாய்க்கு ஊற்றுகிற உண்ணி மருந்தைப் பூனைக்கு ஊற்றாதீர்கள்.
நமக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரை, கால் துண்டுகூட ஆகாது.
பாரசிட்டமால் பூனைக்கு விஷம்.

அவள் போகவில்லை.
"ஈறு என்ன நெறமாப் போவும்?"
பழுப்பு, சேறு மாதிரி, என்று சொல்லி முடித்த பிறகுதான்
நிமிர்ந்து பார்த்தேன்.

"முகம் வீங்குமா?"

வீங்கும்.

"எனக்கும் காய்ச்சல் அன்னைக்கி.
ஒரே மாத்திரதான் இருந்துது.
முக்காலை நான் தின்னுட்டு
காலை அதுக்குக் குடுத்தேன்."

வரிசையில் பின்னால் இரண்டு நாய்கள் உறுமிக்கொண்டன.
இதற்குப் பதில் பயிற்சியில் சொல்லித்தரவில்லை.
உனக்குத் தெரியாதே என்றேன்.
"தெரியாதுதான்" என்றாள்.
கடவத்தின் மூடியைச் சாத்தினாள்,
ஓரத்தில் விரலளவு காற்றுக்கு விட்டு.
அடுத்த ஊசி எந்தத் தேதி என்று
இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

நாய் நாற்பத்து மூன்று, பூனை பதினொன்று.
குறிப்பு என்ற கட்டத்தில்: ஒன்றுமில்லை.
போன வருஷமும் அதைத்தான் எழுதினேன்.
வருகிற வருஷமும் அதையே எழுதினால்
சம்பளம் செரித்த மாதிரி.

பஸ் ஏறும்போது யாரோ கையில் பொதியைத் திணித்தார்கள்.
மருந்துப் பெட்டியில் வேறெதுவும் வைக்கக் கூடாது.
ஒரு தொடையில் பெட்டி, ஒரு தொடையில் பொதி.
அதே நடத்துநர்.
"இது மீன்தானே?"
சாளை, என்றேன்.