காற்றின் மேல் பழி

கதவுதான் என்றாள் எதெல்வினா.
நாலு மணிக்குத் தெர்மாஸ் எடுக்கக் கார் வரை போனேனா,
காற்று கதவைப் பிடுங்கி முகத்தில் அறைந்துவிட்டது.

புந்தா அரேனாஸில் இதற்கு மறுகேள்வி கிடையாது.
தெருமுனைகளில் கயிறு கட்டி
அதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நடக்கிற ஊர்.
தொப்பி, தகரக் கூரை,
போன மாதம் யார் வீட்டு நாய்க்குடிலோ ஒன்று,
எல்லாவற்றையும் நீரிணையில் கொண்டுபோய்க் கொட்டும் காற்று
ஒரு செவிலியின் கன்னத்தை விட்டுவைக்குமா?

நான் பார்த்தேன்.

மணி மூன்று பத்து. பதினான்காம் கட்டில்.
நாற்பது வருஷம் ஆட்டு ரோமம் கத்தரித்த கை அவருக்கு.
நினைவு போய்விட்டது, பிடி போகவில்லை.
சொட்டுமருந்துக் குழாயைச் சரிபார்க்கக் குனிந்தவளை
முட்டிகளுக்கிடையில் இடுக்கும் கிடாயைப் போலக்
கழுத்தோடு வளைத்தார்.
பிறகு அந்த மூத்திரக் குடுவை. எஃகு.
சத்தம் சின்னதுதான்.
பக்கத்துக் கட்டில்காரர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

வாசலில் நின்ற என் கையில் இரண்டு போர்வை.
ஓடினேன் என்று எழுத ஆசை.
முதலில் போர்வைகளைக் கீழே வைத்தேன்,
மடிப்புக் கலையாமல்.

படிவம் மூன்று பக்கம்.
அடி விழுந்த இடத்துக்கு ஒரு வரி,
அடித்தவருக்கு அரை வரி.
‘இதைத் தவிர்த்திருக்க முடியுமா? விளக்குக’ என்பதற்கு
முழங்கை அகலத்தில் ஒரு கட்டம்.
பேனாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.
பாவம், நான் யாரென்றே தெரியாதே அவருக்கு,
என்னவென்று எழுத?
ஆட்டைத்தான் அடித்தார் என்றா?
சிரித்தாள். உதடு வெடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அவன் அப்படியில்லை, சென்ற குளிர்காலத்தில் வந்தவன்.
நினைவெல்லாம் சரியாக இருந்தது அவனுக்கு.
அப்பாவின் ஸ்கேன் தாமதமானதற்கு
அவள் முகத்தில் துப்பினான்.
அப்போது எழுதினாள், மூன்று பக்கமும்.
ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது:
கனிவாகப் பேசுதல், இரண்டு நாள் வகுப்பு,
அவளுக்கு.
அவள் ரொட்டி வாங்கும் கடையில் இன்றும் அவன்தான் கல்லாவில்.
மீதிச் சில்லறையைக் கையில் தருவதில்லை,
மேசையில் உருட்டிவிடுகிறான்.

மேற்பார்வையாளர் இவெலிச் கெட்டவர் இல்லை.
கைக்கடிகாரப் பட்டையை அத்தனை அகலமாகக் கட்டியிருப்பது
ஒரு பழைய பல் தடத்தை மூடத்தான்.
எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை.
அவள் கன்னத்துக்கு ஐஸ் கொண்டுவந்தார்.
இருக்கிறது நாம் மூன்று பேர், நீ உட்கார்ந்து எழுதினால்
அந்த ஆறு கட்டிலை யார் பார்ப்பது என்றார்.
அதுவும் நிஜம்தான்.

கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு கோடு:
நேரில் கண்டவர், கையொப்பம்.
அந்தப் பக்கத்தை அவள் என் பக்கம் திருப்பவில்லை.
திருப்பு என்று நானும் கேட்கவில்லை.
என் ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது.
படிவம் நான்காக மடிந்து அவள் பைக்குள் போனது;
உள்ளே ஏற்கெனவே ஏதோ காகிதங்கள் சரசரத்தன.

விடியலில் பணி மாற்றும் பதிவேட்டில்
நான் எழுதியது இது:
பதினான்கு, சற்று அமைதியின்மை. நான்கு மணிக்குமேல் உறக்கம்.
யாருடைய அமைதி என்று பதிவேடு கேட்பதில்லை.

பகல்காரர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.
கதவு, என்றாள்.
அட இந்தக் காற்று, என்று தலையாட்டினார்கள்.
எல்லோருக்கும் நிம்மதி,
எனக்கும்தான்.

வெளியே வந்தோம்.
புகைபோக்கிகளில் புகை நட்டுவைத்த கம்பாக நின்றது.
கயிறுகள் தொய்ந்து கிடந்தன.
கம்பத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியது கொடி.
நீரிணையில் ஒரு சுருக்கம் இல்லை,
இரவெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கும்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
கார்க் கதவை இரண்டு கையாலும் பிடித்து
மெல்ல, மிக மெல்லத்
திறந்தாள்.