வானிலை பற்றித் தடையில்லை

செப்டம்பர் பதினைந்து, இரவு பதினொன்று ஐம்பத்தெட்டு.
ஓந்த்ரெய் மேசைமேல் படுத்திருந்தான்,
இடது குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு.
தொண்ணூற்றாறு பாகை மடங்கியது முழங்கால்.
தொண்ணூற்றாறு என்று எழுதினேன்.
மேலாளர் கதவைத் தட்டி
"நேரமாச்சு, டனூட்டா" என்றார்.
துண்டை உருவி எடுத்தேன்.
அவன் ஊன்றுகோல்களை எட்டி எடுத்தான்,
இரண்டிலும் கிளப்பின் முத்திரை.
அவை யாருடையவை இப்போது?
கொஞ்ச நேரம் ஒருவரும் அசையவில்லை.
பிறகு மேலாளர் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

கதவடைப்பு.
செய்தித்தாள்கள் வேலைநிறுத்தம் என்றே எழுதின.
பஃபலோ முழுக்க அதே பேச்சு:
பணக்காரனுக்கும் பணக்காரனுக்கும் சண்டை,
நமக்கு ஹாக்கி இல்லை.
என் அண்ணனும் அதையேதான் சொன்னான்,
எஃகு ஆலை வாசலில் பூட்டு தொங்கியதைப்
பார்த்துவிட்டு வீடு திரும்பியவன்.
நான் மறுத்துப் பேசவில்லை.
பேச எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஒரு தொடையின் சுற்றளவு,
சும்மா கிடந்தால் வாரத்துக்கு அது
எத்தனை மில்லிமீட்டர் கரையும் என்பது.

சுற்றறிக்கை நான்கு பக்கம்.
வீரர்களோடு பேசக்கூடாது. குறுஞ்செய்தி கூடாது.
இன்னொருவர் வழியாகவும் கூடாது.
தற்செயலாக எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்லலாம்.
வானிலை பற்றித் தடையில்லை.
அணிக்காக ஆடி அடிபட்டவர்களுக்கு விலக்கு உண்டு.
ஓந்த்ரெய்க்கு அடிபட்டது ஜூலையில், ஜிலினாவில்,
ஒரு பள்ளிக்கூடத்துக் கூரைக்காக நடந்த ஆட்டத்தில்.
அந்த முழங்கால் யாருடைய பொறுப்புமல்ல என்றது
மூன்றாம் பக்கம்.

நவம்பர். முதல் பெரும்பனி விழுந்த மறுநாள்,
பிராட்வே பக்கத்துப் பலசரக்குக் கடையில்
ரொட்டி வரிசைக்கு அந்தப் பக்கம்
முதலில் கேட்டது அவன் நடை.
ஒரு தட்டு, ஓர் இழுப்பு.
எட்டிப் பார்த்தேன்.
குதிகால் ஊன்றவில்லை, விரல்களில் இறங்குகிறான்.
நேராகவில்லை, எட்டு பாகை குறைகிறது, பத்தும் இருக்கலாம்.
யாரோ மடக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்,
நீட்டச் சொல்லவில்லை.

"பனி" என்றான்.
"பனி" என்றேன்.
"ஏரிப் பக்கம் இரண்டடியாம்."
"இன்னும் வருமாம்."
என் முகத்தை அவன் பார்க்கவில்லை.
கைகளைப் பார்த்தான்.
பதினேழு வருடமாய் இந்த ஊரின் முழங்கால்களை
நள்ளிரவிலும் தேடிப் போன கைகள்.
அவற்றைக் கோட்டுப் பைக்குள் விட்டேன்.

பிறகு குளிர்பெட்டியைத் திறந்து
பட்டாணிப் பை இரண்டை எடுத்து
அவன் வண்டியில் வைத்தேன்.
கை தவறியதென்று சொல்லிக்கொள்ளலாம்.
அதற்குப் பிறகு செய்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை:
என் வண்டியின் கீழ்க்கம்பியில்
என் குதிகாலைத் தூக்கி வைத்தேன்,
பாதத்தை என் பக்கம் இழுத்தேன்,
தொடையை இறுக்கினேன்.
உதடு அசையாமல் பத்து எண்ணினேன்.
அடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்த பையன்
"கால் மரத்துப் போச்சா, மேடம்?" என்றான்.
"வயசு" என்றேன்.
சுற்றறிக்கையில் என் காலைப் பற்றி ஒன்றுமில்லை.

ஓந்த்ரெய் செய்து பார்த்தான், தப்பாக.
இன்னொரு முறை செய்தேன்.
அவன் முழங்காலுக்கு மேலே கையை வைத்து
மெதுவாக அமுக்கியபோது
அவன் கண்களில் நீர் முட்டியதைப் பார்த்துவிட்டுத்
தக்காளி விலையைப் படித்தேன்.

கதவு ஜனவரியில் திறந்தது.
அதைப் பற்றி வேறொரு நாள் சொல்கிறேன்,
சொல்லாமலும் போகலாம்.
என் ஏட்டில் அவன் கால் இன்னும்
தொண்ணூற்றாறிலேயே நிற்கிறது.

அன்று நான் வெளியே வந்தபோது அவன் கார் போயிருந்தது.
வாசலிலிருந்து அது நின்ற இடம்வரை தடங்கள்:
வலது கால் முழுதாக,
இடது, ஐந்து விரலின் ஆழம் மட்டும்.
கடைசித் தடத்தில், ஒரே ஒரு தடத்தில்,
குதிகாலும் லேசாகப் பதிந்ததுபோல் இருந்தது.
குனிந்து பார்ப்பதற்குள்
உப்பு தூவிக்கொண்டு வந்தான் கடைப்பையன்.