தன்வினை

இருபத்தாறு ஆண்டுகளாக என் தொழில்
எழுவாயை ஒளித்துவைப்பது.
கம்பெனி தீ வைக்கவில்லை;
தீ பிடித்தது.
குழந்தை வண்டியின் சக்கரம் கழன்றது.
ஆயிரத்து இருநூறு மின்விசிறிகளில்
பிளேடு விலகியதாகத் தெரிகிறது.
பிற்பகல் மழைபோல
எல்லாம் தாமாகவே நிகழும் உலகம் ஒன்றை
மணிக்கு எண்ணூறு வெள்ளி வாங்கிக்கொண்டு
கட்டிக் கொடுத்தேன்.

பிரஷர் குக்கர் வழக்கு வந்தது.
ஒரே மாடல், நாற்பத்தொரு பேர், ஒரே மனு.
புகைப்படத் தொகுப்பைத் திருப்பும்போது
வெந்த தோலைப் பார்க்காமல்
பக்க எண்ணை மட்டும் பார்க்க
எப்போதோ பழகியிருந்தேன்.

ஈசூன் பவளக்கொடி கூண்டில் ஏறினார்.
பள்ளிக் கேண்டீனில் பாத்திரம் கழுவுபவர்.
குளிருக்கு யாரிடமோ வாங்கிய சிவப்பு சுவெட்டர்,
அதன் கைக்குள் இழுத்துக்கொண்ட இடக்கை.

நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.
மொழிபெயர்ப்பாளர் அமலதாஸ் தமிழில் கேட்டார்.
அவர் சொன்னார்:
"பருப்பு வச்சிருந்தேன். மூணு விசிலு.
சின்க்கு பக்கம் திரும்புறேன்,
மூடி கழண்டுட்டு."

அமலதாஸுக்கு அன்று மூன்றாவது வழக்கு,
ஒரு காது ஜலதோஷத்தில் அடைப்பு.
நீதிபதியிடம் ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்தது:
மூடியைக் கழட்டிட்டு
சின்க் பக்கம் திரும்பினேன்.

எங்கள் வீட்டுப் பேச்சும் அதுதான்.
பஸ் வந்துட்டு. கரண்டு போயிட்டு.
கழண்டுட்டு என்றால் கழன்றுவிட்டது,
அதுவாக.

எதிர்த்தரப்பு ஃபூ வெய் லின்
பேனா மூடியைக் கடித்தபடி குறித்துக்கொண்டார்.
நீதிபதியும் எழுதினார்.
அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூவர்.
ஒருவர் சொல்லிவிட்டார்.
ஒருவர் தவறாகக் கேட்டுவிட்டார்.
மூன்றாமவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை.
"முடிஞ்சது சார்" என்றாள் ஜூனியர் நஸ்ரீன்,
குரலில் சிரிப்பு.
ஹோங் லிம் உணவங்காடியில்
மீன் சூப் வாங்கி ஆறவிட்டேன்.
திரும்பி வரும்போது அண்ணாந்து பார்த்தேன்.
உச்ச நீதிமன்றத்தின் உச்சியில்
அத்தனை பெரிய மூடி.
விசிலுக்கு ஓட்டை இல்லை.

இரண்டரைக்கு எழுந்தேன்.
"சாட்சி சொன்னது வேறு, யுவர் ஆனர்."
நஸ்ரீனின் தட்டச்சு நின்றது.
அமலதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
ரொம்ப நேரம்.

பிறகு ஐந்து மணிவரை
பவளக்கொடியைக் குறுக்கு விசாரணை செய்தேன்.
ரப்பர் வளையத்தை மாற்றினீர்களா, எப்போது, ரசீது எங்கே.
ஒரு முறை அழுதார்.
அதுவும் என் வேலை.

மூன்று வாரத்தில் சமரசம்.
பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் என்ற வரியை
நானே எழுதினேன், நன்றாக எழுதினேன்.
அடுத்த மாதம் கம்பெனியிடமிருந்து கடிதம்:
தங்கள் சேவை தேவைப்படாத சூழல் ஏற்பட்டுள்ளது.
யார் ஏற்படுத்தியது என்று அதில் இல்லை.
அப்படி எழுதக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

கையெழுத்திட வந்த நாளில்
பவளக்கொடியை லிஃப்டில் பார்த்தேன்.
இடக்கை விரல் நீளவில்லை,
முட்டியால் பொத்தானை அமுக்கினார்.
"நீங்க அவங்க ஆளுதானே?"

ஆமாம் என்றேன்.

தலையசைத்துவிட்டு
எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
நானும்.
கதவு திறந்தது.