இரண்டாவது கட்டம்

மூன்றாம் எண் முகப்பில் நான்தான் உட்காருகிறேன்.
நாய் உரிமம், நாய்க்கடி, நாய் காணவில்லை.
பகாவில் நாய்க்கு நேர்வதெல்லாம்
என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

காலையில் வந்தது புக்கிட் தெம்பாகா தோட்டத்துக் கடி.
ஏழு வயது தருணேஸ்.
கெண்டைக்காலில் பதினோரு தையல்.
கடித்தது பழைய இரும்புக்கடை ஆ கியோங்கின் நாய்.
முதல் கட்டம் பெயர்: போஸ்கோ.
இரண்டாவது கட்டம் இனம்: ரோட்வைலர்.
அதற்குமேல் தெரிந்துகொள்ளப்
படிவத்துக்கு ஒன்றுமில்லை.

மூன்றடிச் சங்கிலியை எங்கே எழுத?
லோரி இழுக்கிற சங்கிலி அது.
சோற்றில் சீலிப்பாடி பிசைந்து வைத்தால்
ரோஷம் ஏறும் என்று யாரோ சொன்னதை,
அவர் நம்பியதை?
வேலிக்கு வெளியிலிருந்து பையன்கள் எறியும்
செம்பனைக் காய்களை?
முந்தாநாள் கொக்கி தேய்ந்து விட்டுப்போனபோது
தருணேஸின் கையிலும் ஒரு காய் இருந்ததா என்று
அவன் அம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.
பிள்ளையின் கால் அவள் மடியில் கிடந்தது.

"இந்த ஜாதியே அப்படித்தான்" என்றாள்.
வரிசையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள்.
நானும் ஆட்டியிருப்பேன்.
போன மாதம்தான் அதே வாக்கியத்தை
ஒரு போலீஸ் மேசையில் கேட்டிருந்தேன்,
மலாயில், கொட்டாவிக்கு நடுவில்,
என் தம்பி லோகவர்மனின் அடையாள அட்டை
அந்தக் கையில் திரும்பிக்கொண்டிருந்தது.
தம்பி அடித்திருந்தான். அது பொய்யில்லை.
ஆனால் அந்தப் படிவத்திலும்
முதலில் பெயர், அடுத்து இனம்.
மலாயில் நாய்க்கு பாக்கா, மனிதனுக்கு பங்சா.
தமிழ்தான் சிக்கனமாக
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது.

சரி, வளர்ப்புதான் எல்லாம் என்று
சொல்லிவிட்டு எழுந்து போகலாம்.
என் வலது மணிக்கட்டைப் பார்த்தபின் சொல்லுங்கள்.
நான்கு பல்.
மைலோ நிறத்தில் ஒரு குட்டி, பெயரும் மைலோ.
ரப்பர் புட்டியில் பால் குடித்து வளர்ந்தது.
வீட்டில் யாரும் கை ஓங்கியதில்லை.
தீபாவளி வெடிக்கு என் போர்வைக்குள் நடுங்கும்.
ஒரு சனிக்கிழமை,
மீன் தலையைத் தட்டில் வைக்கிறேன்,
ஒன்றுமே நடக்காத ஒரு சாயங்காலம்,
கடித்தது.
அப்புறம் அதே இடத்தை நக்கியது.

புகார் எழுதவில்லை நான்.
தகரக் கதவு கிழித்தது என்றேன் கிளினிக்கில்.
யாருக்காகப் பொய் சொல்ல நாக்கு புரள்கிறது,
யாருக்காகப் புரள மறுக்கிறது,
அது எந்த வளர்ப்பு?

மதியம் ஆ கியோங் வந்தார்.
"கடிக்காத நாய்க்கா
ஆயிரத்தைந்நூறு வெள்ளி கொடுப்பேன்?" என்று சத்தம் போட்டார்.
கையெழுத்துப் போட்டார்.
கூண்டு வண்டி எத்தனை மணிக்கு என்றார்.
வாசல்வரை போய்த் திரும்பி வந்து,
காலையில் அதற்குச் சாப்பாடு கொடுக்கலாமா என்று
மிகவும் மெதுவாகக் கேட்டார்.
கொடுக்கலாம் என்றேன்.
கொடுக்கலாமா என்று எனக்குத் தெரியாது.

வேலை விட்டு அந்த வழியாகத்தான் நடந்தேன்.
துருப்பிடித்த லோரி அச்சில் புதுக் கொக்கி.
சங்கிலி எட்டும்வரை
வட்டமாக, ஒரு புல் இல்லை.
அதற்கு ஒரு விரல்கடை அப்பால்
லாலாங் முழங்கால் உயரம் நிற்கிறது.

குரைக்கவில்லை.
எழுந்து வட்டத்தின் ஓரம்வரை வந்தது.
இந்த நாய்க்குக் குட்டியிலேயே வாலை வெட்டிவிடுகிறார்கள்,
ஆட்டினாலும் நமக்குத் தெரியாது.
இடுப்பு அசைந்த மாதிரி இருந்தது.

வேலிக் கம்பியில் இடைவெளி இருந்தது.
என் இடது கை போகப் பார்த்தது.
வலது கை அதற்குள்
முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.